பொருட்குறையும் தம்பதிகளின் பிரிவும்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கணவனும் மனைவியும் பிரிந்து வாழ நேரும்போது, பெரியோர் முதலிற் கூறுங் காரணம் 'பணக்கஷ்டம்' என்பதே. அது முழு உண்மையன்று என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம். வறுமை புகுந்த வீடுகள் யாவும் பிரிந்துவிடவில்லை. வறுமையை ஒருவருக்கொருவர் மறைத்த வீடுகளே பெரும்பாலும் பிரிந்தன.

சிலப்பதிகாரக் கதையை யாவரும் அறிவீர்கள். புகார் நகரத்துப் பெருவணிகன் மாசாத்துவானின் மகன் கோவலன், 1008 கழஞ்சு பொன் விலையுள்ள மாலையை வாங்கி மாதவியின் மனை புகுந்தான். முன்னோர் தேடிய செல்வம் கரைந்தது. மாதவியைப் பிரிந்து இல்லம் திரும்பியபோது, பொருளிழந்தமைக்கு வெட்கப்பட்டு நின்றான். கண்ணகியோ முகமலர்ந்து, தன்னிடமுள்ள சிலம்புகளை எடுத்துக்கொள்ளும்படி கூறினாள். அவள் அவனுடைய வறுமையை வெறுக்கவில்லை. எனினும் அவ்வெட்கம் அவனை விட்டபாடில்லை. இரு திறத்துப் பெற்றோரும் பெருஞ்செல்வராயிருந்தும், அவர்களிடம் ஒரு வார்த்தையுஞ் சொல்லாமல், பொழுது புலருமுன் மனைவியுடன் ஊரைவிட்டுப் புறப்பட்டான். மதுரையில் விளைந்ததை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். என் மனைவியின் சம்மதம் பெற்றே கூறுகிறேன்.

எங்கள் கலியாணம் கடன் வாங்கி நடந்தது. பந்தலும் விருந்தும் மூன்று நாளில் முடிந்தன, வட்டி முடியவில்லை. நான்காம் வருஷத்தில் வியாபாரம் நொடித்தபோது, மனைவியின் சங்கிலியையும் இரண்டு வளையல்களையும் அடகு வைத்தேன். அவளிடம், கொக்கியைப் பழுதுபார்க்கத் தட்டானிடம் கொடுத்திருப்பதாகப் பொய் சொன்னேன். அப்பொய்யைக் காக்கப் பல பொய்கள் வேண்டியிருந்தன. இறுதியில் ஏல நோட்டீசு வீட்டிற்கு வந்தது. என் துரதிர்ஷ்டம், அதை வாங்கினவள் அவளே.

"கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பேனே! என்னை அந்நியளாக எண்ணிவிட்டீர்களே!" என்று மாத்திரம் சொல்லி, குழந்தையுடன் தாய்வீடு சென்றாள். பதினொரு மாதம் திரும்பவில்லை.

அவளுடைய தாய்மாமன் ஒருநாள் என்னை அழைத்து, என் கடன்கள் அனைத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி அவள் முன்னிலையில் வாசிக்கச் செய்தார். நா உலர வாசித்தேன். கேட்டு முடித்தவள், "இவ்வளவுதானா?" என்றாள். அவள் மனத்தில் அஞ்சியிருந்த தொகை அதனினும் பன்மடங்கு பெரிது! வளையல்களை மீட்டோம்; சங்கிலி ஏலத்திற் போயிற்று.

நான் செய்தது வெறும் மனத்தாங்கலுக்குரிய விஷயமன்று. ஸ்திரீதனம் மனைவிக்கே முற்றும் உரியது, கணவன் கையில் இருப்பினும் அவன் அதைக் காத்து வைப்பவனே என்று 1985-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வரதட்சணை வாங்குவதேயன்றிக் கொடுப்பதும் குற்றமென்று 1961-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டமோ, விவாகரத்துக்குரிய காரணங்களில் ஒன்றாக வறுமையைச் சொல்லவேயில்லை. கொடுமையையும் கைவிடுதலையும் சொல்லுகிறது. மறைத்த கடன் இவ்விரண்டிற்கும் வழிகோலுகிறது.

தாமே விரும்பி மணந்துகொள்ளும் யுவர்களுக்கும் இது பொருந்தும். அக்காலத்தில் அடகுக் கடைக்கு நடந்தாவது போகவேண்டும். இக்காலத்தில் கைபேசியில் விரலை வைத்தால் நிமிஷத்திற் கடன் கிடைக்கிறது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் மனைவிக்கும் தெரிவதில்லை. மனைவி வாங்கும் கடன் கணவனுக்குத் தெரியாதிருப்பதும் உண்டு.

ஆதலின் இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது, நிச்சயதார்த்தத்திற்கு முன்பே இரு வீட்டாரும் தத்தம் கடன்களை ஒளிக்காமல் சொல்லிவிடுக. மணமக்களின் தலையில் விழும் கடனைக்கொண்டு பந்தலைப் பெரிதாக்கல் வேண்டா. இரண்டாவது, மாதத்தில் ஒருநாள் கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து வரவு செலவைப் பார்க்க. எங்கள் இல்லத்தில் இவ்வழக்கம் தவறாது நடந்துவருகிறது. கணக்கு நோட்டு அவள் கையில் இருக்கிறது.

பொருள் போனால் மீளலாம். நம்பிக்கை மீளுவதற்கு எனக்குப் பதினொரு மாதமாயிற்று. சிலருக்கு ஆயுள் முழுதும் போதுவதில்லை.