முன்னோர் பெயரும் மாதர் சங்கமும்



கொலன்னாவையிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் நம்மவர் ஒருவரிடம் பாட்டனாரின் தந்தை பெயரைக் கேட்டுப் பாருங்கள். சற்று நினைத்துச் சொல்லிவிடுவார். பாட்டியாரின் தாய் பெயரைக் கேட்டாலோ பெரும்பாலும் மௌனமே விடையாகும்.

இத்தகைய பெயர்களைத் தேடிப் பேணும் மாதர் சங்கம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. 1890ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் தோன்றிய அதற்கு 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' என்று பெயர். அந்நாட்டு விடுதலைப் போருக்கு உதவிய ஒருவரின் நேர்வழித் தோன்றல் எனச் சான்று காட்டும் பெண்களே அதிற் சேரலாம். தந்தை வழி மட்டுமன்றித் தாய் வழியும் ஏற்கப்படும் என்பது நாம் கவனிக்கத்தக்கது. திருமணப் பதிவு, மரண சாசனம், கல்லறை எழுத்து முதலியவற்றைத் திரட்டி அவர்கள் அமைத்த நூல்நிலையம் மிகப் பெரிது. பள்ளிகளுக்குப் பொருளும் மாணாக்கருக்கு உதவித்தொகையும் வழங்குகின்றனர்.

ஆயினும் குலச்சான்று கேட்கும் கரம் கதவை அடைக்கவும் பழகிவிடுகின்றது. 1939ஆம் ஆண்டிலே, மரியன் அண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகிக்கு அச்சங்கம் தன் மண்டபத்தைத் தர மறுத்தது. ஜனாதிபதியின் துணைவியாரான எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார் சங்கத்தினின்றும் விலகினார். ஏப்பிரல் 9ஆம் நாள் லிங்கன் நினைவாலயப் படிகளில் நின்று அப்பாடகி பாட, ஏறத்தாழ 75,000 மக்கள் கேட்டனர். அதே விடுதலைப் போரிற் கறுப்பினத்தாரும் போரிட்டனர் அல்லரோ! அவர்தம் பெயர்களையும் செவ்விந்தியர் பெயர்களையும் தேடியெடுத்து அச்சங்கமே 2008இல் ஒரு பெருநூல் வெளியிட்டது. காலந்தாழ்ந்த பணியெனினும் நற்பணியே.

நம் கொழும்பின் வரலாறு வேறு. 1909ஆம் ஆண்டு இங்கே தமிழ் மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தவர் மேரி இரத்தினம் அம்மையார். கனடாவிற் பிறந்த மருத்துவர். தமிழர் ஒருவரை மணந்தவர். குலச்சான்று கேட்டிருந்தால், தாம் தொடங்கிய சங்கத்தின் வாயிலிலேயே அவர் நின்றிருக்க வேண்டும்! பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டார். அவ்வுரிமை 1931இற் கிட்டியது. 1930இற் கிராமப் பெண்களுக்காக லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். 1937இற் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவானார். 1958இல் மக்சேசே விருது பெற்றார், 1962இல் மறைந்தார்.

அவர் தோற்றுவித்த தமிழ் மாதர் சங்கத்தின் கலாலயத்திலே நம் சிறுமியர் தலைமுறை தலைமுறையாக இசையும் நடனமும் பயின்றனர். அங்கே கற்பித்த பெண்மணிகள் பலர். அமெரிக்க மாதர் தம் பாட்டிமார் பெயர்களைத் தேடிய அக்கறையோடு, இவர்தம் பெயர்களையும் எவரேனும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குதல் வேண்டும். நினைவிலிருந்து சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.