அசியென்டோ



ஸ்பானிய சிம்மாசனத்துக்கு உரியவர் யார் என்ற வழக்கில் ஆண்டுக்கணக்காகப் போரிட்டுக் களைத்த ஐரோப்பிய அரசுகள், 1713-ஆம் ஆண்டில் உட்ரெக்ட் நகரில் கூடிச் சமாதானம் செய்துகொண்டபோது, இங்கிலாந்துக்குக் கிட்டிய லாபங்களென்று ஜிப்ரால்டரையும் மினார்க்காத் தீவையும் சரித்திர புஸ்தகங்கள் முதலில் சொல்லும். அவற்றோடு கிடைத்த மற்றொன்று அசியென்டோ. ராஜாங்கத்தோடு செய்துகொள்ளும் எந்தக் குத்தகைக்கும், படைகளுக்குத் தானியம் அளப்பதற்குங்கூட, ஸ்பானிய மொழியில் பொதுவாக வழங்கிய அந்தச் சொல், காலப்போக்கில், ஆப்பிரிக்க மக்களைக் கொண்டுபோய் ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களில் விற்கும் ஏகபோக உரிமை ஒன்றையே குறிப்பதாயிற்று.

1494-ஆம் ஆண்டின் தோர்தெசில்லாஸ் உடன்படிக்கைப்படி ஆப்பிரிக்கக் கரை போர்ச்சுக்கலின் பாகமாகிவிட்டமையால், சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் ஆள் வேண்டிய ஸ்பெயின், அந்த வேலையை அந்நியருக்குக் குத்தகை விட்டது. போர்ச்சுக்கீசியர், ஜெனோவா நகரத்தார், பிரெஞ்சுக்காரர் என்று கைமாறி வந்த அவ்வுரிமை, முப்பது ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 4,800 என்ற கணக்கில் இங்கிலாந்தை அடைந்தது. ஆன் அரசியார் அதைத் தென்கடல் கம்பெனிக்கு அளித்தார். லாபத்தில் ஸ்பானிய அரசருக்குக் கால் பங்கு, ஆங்கில அரசியாருக்குக் கால் பங்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள்.

இங்கே நேயர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டியது அந்த 4,800 என்னும் எண்ணை. அது மனிதர்களின் தொகை அன்று. 'பியேசா தெ இந்தியாஸ்' என்னும் ஓர் அளவையின் தொகை அது. பியேசா என்றால் உருப்படி. உடலில் ஊனமில்லாத, வாலிப வயதுடைய, ஏறக்குறைய ஏழு சாண் உயரமுள்ள ஒருவர் ஒரு முழு உருப்படி. நம் முன்னோர் மனித உடலை எண்சாண் என்று சொன்னபோது அவரவர் கையாலேயே அவரவரை அளந்தார்கள். அமெரிக்கத் துறைமுகங்களான கார்த்தஹேனாவிலும் போர்ட்டோபெலோவிலும் கப்பலிலிருந்து இறக்கப்பட்டவர்களையோ, அரசாங்க அதிகாரிகளும் வைத்தியர்களும் கோல் பிடித்து அளந்து, வயதானவர், நோயாளி, கண்பார்வை குன்றியவர், பல் விழுந்தவர் என்று ஒவ்வொரு குறைக்கும் ஒரு பின்னத்தைக் கழித்தார்கள். சிறுவர் மூவர் சேர்ந்து இரண்டு உருப்படி, அவர்களினும் சிறிய குழந்தைகள் இருவர் சேர்ந்து ஓர் உருப்படி என்று கணக்கிடுவது வழக்கம். தாயின் மார்பில் பால் குடிக்கும் சிசு கணக்கிலேயே சேராது. அளவு முடிந்து, ஓர் உருப்படிக்கு 33 பெசோவும் மூன்றில் ஒரு பங்கும் தீர்வை என்று விதித்தபின், வரி செலுத்திய சரக்கென்பதற்கு அடையாளமாகக் காய்ச்சிய இரும்பால் அவர்கள் உடலில் முத்திரையிட்டார்கள். இந்த முத்திரை வழக்கத்தை ஸ்பானிய அரசு கைவிட்டது 1784-இல்தான்.

கொடுமை செய்தவர்கள் கோபத்தில் செய்தார்களென்றால் அதற்கு ஓர் எல்லை இருந்திருக்கும். இவர்களோ சாந்தமாக, பேரேட்டில் கூட்டிக் கழித்துச் செய்தார்கள் என்பதே என் மனத்தை மிகவும் வருத்துகிறது. அந்தப் பேரேடுகளை வைத்துக்கொண்டு எத்தனை பேர் கரையேறினார்கள் என்று கணிப்பதுகூடச் சரித்திர ஆசிரியர்களுக்குச் சிரமமாக இருக்கிறது. ஏனெனில் நூறு உருப்படி என்று எழுதியிருக்கும் இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் நின்றிருக்கக்கூடும்.

1720-ஆம் ஆண்டில் இதே தென்கடல் கம்பெனியின் பங்குகள் மளமளவென்று ஏறிச் சரிந்த கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். ஐசக் நியூட்டன் பணத்தை இழந்த செய்தியும் பிரசித்தம். அந்தக் கம்பெனி விற்றது யாரை என்ற கேள்வி மட்டும் அந்தக் கதையில் பெரும்பாலும் எழுவதில்லை. பங்கு வாங்கியவர்களின் நஷ்டத்துக்கு இரங்கிய உலகம், பங்காக வகுக்கப்பட்டவர்களை விசாரிக்கவில்லை.

1739-இல் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் மறுபடி போர் மூண்டு வியாபாரம் தடைப்பட்டது. 1750-இல் மாட்ரிட் நகரில் செய்த உடன்படிக்கையில், எஞ்சிய உரிமையை விட்டுக்கொடுத்த கம்பெனி அதற்கு ஈடாக ஒரு லட்சம் பவுன் பெற்றுக்கொண்டது. அசியென்டோ கைவிட்டுப் போனாலும், தன் சொந்தத் தீவுகளுக்கு அடிமைகளை ஏற்றிச் சென்ற இங்கிலாந்தின் கப்பல்கள் நிற்கவில்லை. அடிமை வியாபாரத்தைத் தடைசெய்த 1807-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை லிவர்பூல் துறைமுகத்திலிருந்து அவை தொடர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தன.