ஓய்வுக்குப் பின் கொங்கண் கரையோரம்



உத்யோகம் முடிந்ததும் கூட்டமில்லாத கடற்கரை ஊரில் குடியேற நம்மில் பலருக்கு ஆசை. நான் மும்பைவாசி என்பதால் கொங்கணைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். கோவா வரை போக வேண்டாம், ரத்னகிரி ஜில்லாவே போதும்.

என் மனசுக்குப் பிடித்தது குஹாகர். ஊருக்கும் கடலுக்கும் நடுவே தென்னையும் பாக்கும். கொல்லையைத் தாண்டினால் மணல். அங்குள்ள வியாடேச்வர் சிவன், சித்பாவன் பிராமணக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குலதெய்வம். கோகமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ஸோல்கடி நம் நாக்குக்கு ஒத்துக்கொள்ளும். (பூண்டு வேண்டாமென்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்!)

ஆனால் வசிக்க? 1998-ல் முழுமையடைந்த கொங்கண் ரயில்வே குஹாகரைத் தொடுவதில்லை. சிப்ளூணில் இறங்கி சுமார் 45 கி.மீ. சாலையில் போக வேண்டும். நடுராத்திரி நெஞ்சு வலித்தால் இந்தத் தூரம்தான் கணக்கு. அறுபதைத் தாண்டியவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ரத்னகிரி நகரம் தேவலை. ஜில்லாத் தலைநகர், ரயில் ஸ்டேஷன், அரசு ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. பர்மாவின் கடைசி ராஜா திபாவை 1886-ல் பிரிட்டிஷார் இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். 1916-ல் காலமாகும்வரை அவர் ஊர் திரும்பவில்லை. அவருடைய மாளிகையை இன்றும் பார்க்கலாம்.

மாந்தோப்பு மலிவு என்று தரகர் சொன்னால் ஜாக்கிரதை. மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலத்தை அரசு அனுமதியின்றி வாங்க முடியாது.

மழையோ வருஷத்துக்கு 3,000 மி.மீ.க்கு மேல், பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள். துணி காயாது, வடாம் நினைக்கவே வேண்டாம். டிசம்பர் அழகைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஜூலையில் ஒரு மாசம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஆத்துக்காரி சம்மதித்தால், மேற்கொண்டு பேசலாம்.