வயிற்றில் ஊமையடி: கணையக் காயமும் முதல் நாளும்



2005 ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்த ஐதராபாத் நகரில்தான் 108 அவசர ஊர்திச் சேவை தொடங்கப்பெற்றது. பின்னர் அது தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களுக்கும் பரவிற்று. விபத்துக்குள்ளானோர் இன்று முன்னிலும் விரைவாக மருத்துவமனை சேர்கின்றனர். இவ்விரைவு எத்தனையோ உயிர்களைக் காத்துள்ளது. ஆயினும் கணையக் காயத்தைப் பொறுத்தவரை அது ஒரு தனி விழிப்பை வேண்டுகிறது.

கணையம் இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்பின் குறுக்கே அமைந்த உறுப்பு. மிதிவண்டியின் கைப்பிடியோ மோட்டார் வண்டியின் ஸ்டியரிங்கோ வயிற்றில் மோதினால், அது முதுகெலும்போடு சேர்த்து நசுக்கப்படுகிறது. தோலில் கீறல்கூட இராது. மக்கள் இதனை ஊமையடி என்பர்; இதைவிடப் பொருத்தமான கலைச்சொல்லை நான் அறியேன். இக்காயம் அரிது, அரிதாதலாலேயே கண்ணுக்குத் தப்புகிறது.

அடிபட்ட முதல் மூன்று மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தத்தில் அமிலேஸ் அளவு இயல்பாக இருக்கக்கூடும். முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் எடுத்த சி.டி. ஸ்கேன் படமும் பழுதைக் காட்டாமற் போவதுண்டு. நோயாளி விரைந்து வந்தமையாலேயே சோதனைகள் பொய்யான ஆறுதலைத் தருகின்றன! ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிறுவன், இரண்டொரு நாளில் வலியும் வாந்தியுமாகத் திரும்புவான். ஆகவே அவனை வார்டிலேயே வைத்துக்கொண்டு, வயிற்றை அடிக்கடி தொட்டுப் பார்த்து, சில மணிக்கொருமுறை அமிலேசைச் சோதித்து, வலி தணியாவிடில் ஸ்கேனை மீண்டும் எடுக்க வேண்டும். இரத்த அழுத்தம் சரிந்து, வயிற்றினுள் இரத்தம் கசிபவருக்கோ உரிய இடம் ஸ்கேன் அறையன்று, அறுவை அரங்கே.

சிகிச்சையைத் தீர்மானிப்பது கணையத்தின் முதன்மை நாளம். அது முறியாதிருப்பின் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். வால்பகுதியில் அறுந்திருப்பின் அப்பகுதியை அகற்றுவது வழக்கம். தலைப்பகுதிக் காயம் கடினமானது. நிலை குலைந்த நோயாளியிடம் பேரறுவைக்கு முற்படாமல், இரத்தப் போக்கை நிறுத்தி, வடிகுழாய் வைத்து வெளிவருவதே விவேகம். தேர்ந்தெடுத்த சிலருக்கு அகநோக்கி வழியாக நாளத்தில் ஸ்டென்ட் பொருத்தலாம். டாக்டர் நாகேஸ்வர ரெட்டி போன்றோரால் இந்நகரம் அகநோக்கிச் சிகிச்சையில் பெயர் பெற்றது.

ஆனால் அத்தகைய வசதியை மாவட்டந்தோறும் எதிர்பார்க்க இயலாது, தேவையுமில்லை. அலுவலர்களிடம் நான் கேட்பது சிறிது: இரவிலும் இயங்கும் ஓர் ஆய்வகம், ஒரு நாள் கண்காணிப்புக்கான படுக்கை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் அடிபட்ட நேரமும், இரத்தம் எடுத்த நேரமும் எழுதப்பட வேண்டும். அவ்விரண்டும் இல்லாத அமிலேஸ் எண்ணை வைத்துக்கொண்டு மருத்துவர் எதையும் முடிவு செய்ய முடியாது.