ஆற்றுக்கும் காட்டுக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகள்



நம் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று செய்யும் வேலைகளைக் கண்டால் நம் பாட்டன்மார் வியந்து போவார்கள். கோப்பெங்கில் கம்பார் ஆற்றிலும், கோலகுபு பாருவில் சிலாங்கூர் ஆற்றிலும் காற்றடைத்த ரப்பர்ப் படகுகளில் சுற்றுப்பயணிகளை ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கும் விளையாட்டு நடைபெறுகிறது. மலையேறுவோருக்கு வழிகாட்டுவது, முகாமில் சமைப்பது, கூடாரம் அடிப்பது, கோல்ஃப் திடலில் புல் வெட்டுவது என்று எத்தனையோ வேலைகள் வந்துவிட்டன. தோட்டங்கள் சில கோல்ஃப் திடல்களாகவே மாறிவிட்டன. அம்மா பால் மரம் சீவிய அதே மேட்டில் மகள் இன்று பந்து பொறுக்குகிறாள்.

இவை நல்ல வேலைகள்தாம். உடலுக்கு வலிமை, நாலு மொழி பேசிப் பழகும் வாய்ப்பு, கையில் காசு. ஆயினும், இத்தகைய வேலையிடங்களில் பெண் பிள்ளைகளுக்கு நேரும் ஒரு தொல்லையைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். குழந்தைகள் அருகில் இருந்தால் எழுந்து போகச் சொல்ல வேண்டாம், அவர்களும் கேட்கலாம்.

2018ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை மாலை, என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பெண்ணொருத்தியை அவள் தாய் அழைத்துக்கொண்டு வந்தார். ஐந்தாம் படிவம் முடித்தபின் அந்தப் பெண் ஆற்றோர முகாம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"டீச்சர், வேற எடத்துல வேலை தேடுறோம். நல்ல பிள்ளைன்னு ஒரு கடிதாசி எழுதிக் குடுங்க," என்றார் தாய்.

"ஏன்மா, அந்த வேலைக்கு என்ன?" என்று கேட்டேன். தாய் தலையைக் குனிந்துகொண்டார். பெண்தான் சொன்னாள். முகாமின் தலைமை வழிகாட்டி, உயிர்காப்புச் சட்டையின் வாரை இழுத்துப் பூட்டுகிறேன் என்று தினமும் கையை வைத்திருக்கிறார். வேண்டாம் என்று ஒரு நாள் அவள் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து அவளுக்குப் படகு இல்லை; தட்டுக் கழுவும் வேலை. ஒரு மாலை, பயணம் முடியும் துறையில் சாமான்களைக் கட்டச் சொல்லி அவளை விட்டுவிட்டு வேன் புறப்பட்டுப் போய்விட்டது. இருட்டில் தனியே நடந்து சாலைக்கு வந்திருக்கிறாள்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்த நான் அப்போது என்ன கேட்டேன் தெரியுமா? "அந்த ஆளு பக்கத்துல நீ ஏன் தனியா போன?" என்று கேட்டேன்.

"டீச்சர், படகு அவர் கையில. வேன் அவர் கையில. நான் வேற எங்க போறது?" என்றாள்.

அந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. 'ஜாக்கிரதையாக இரு' என்று பெண்ணுக்குச் சொல்லி அனுப்புகிறோமே, அதனால் என்ன பயன்? அலுவலகத்தில் ஒருவன் தொல்லை கொடுத்தால் பக்கத்து அறைக்கு எழுந்து போகலாம், பஸ் ஏறி வீட்டுக்கு வரலாம். ஆற்றிலும் காட்டிலும் அப்படி முடியாது. படகையும் சாப்பாட்டையும் திரும்பும் வழியையும் ஒரே ஆள் கையில் கொடுத்துவிட்டால், எவ்வளவு ஜாக்கிரதையான பெண்ணும் அவன் தயவில்தான் இருக்க வேண்டும்.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன் என்ற புகழ்பெற்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. கொலராடோ ஆறு அறுத்த பள்ளத்தாக்கு அது. நீளம் ஏறக்குறைய 446 கிலோமீட்டர். ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். அடியிலே ஆற்றில் இறங்கிவிட்டால் பல நாள்களுக்குப் படகுதான் வீடு. தேசியப் பூங்காவின் ஊழியர்கள் வேலைக்காக அங்கே சென்றபோது பூங்காவின் ஆற்றுப் பிரிவைச் சேர்ந்த படகோட்டிகள்தாம் அழைத்துச் சென்றார்கள்.

2014ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அங்கு வேலை செய்தவர்களும் செய்துகொண்டிருந்தவர்களுமாகப் பதின்மூன்று பேர் சேர்ந்து, அந்நாட்டின் உள்துறை அமைச்சராக இருந்த சாலி ஜுவெல் என்ற அம்மையாருக்குக் கடிதம் எழுதினார்கள். ஆற்றுப் பயணங்களில் பெண்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாலியல் தொல்லை நடக்கிறது என்பதே புகார். விசாரித்தபோது மேலும் 22 பேர் தாங்களும் அனுபவித்ததாகவோ பார்த்ததாகவோ சொன்னார்கள். இணங்காத பெண்களுக்குச் சாப்பாடு கொடுக்காமல் விட்டதும், வேலை செய்யவேண்டிய இடத்துக்குப் படகில் ஏற்றிச் செல்ல மறுத்ததும் அந்தப் புகார்களில் உண்டு. 2016ஆம் ஆண்டு ஜனவரியில் விசாரணை அறிக்கை வெளிவந்தது; நெடுங்காலமாகவே இத்தொல்லை நடந்து வந்ததற்கு ஆதாரம் இருப்பதாக அது கூறியது. அதே ஆண்டில் பூங்காவின் தலைமை அதிகாரி ஓய்வு பெற்றுச் சென்றார். ஆற்றுப் பிரிவே கலைக்கப்பட்டது.

2017இல் அந்நாட்டுத் தேசியப் பூங்கா ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று வெளியிடப்பட்டது. அதற்கு முந்திய ஓராண்டில் ஏதோ ஒரு வகைத் தொல்லையை அனுபவித்ததாக நூற்றுக்கு 38.7 பேர் கூறினர். பாலியல் தொல்லை என்று கூறியவர்கள் நூற்றுக்கு 10.4 பேர். சட்டமும் விதிமுறையும் நிறைந்த நாட்டு அரசாங்க வேலையில் இந்த நிலை.

சாப்பாட்டையும் படகையும் கொண்டு மிரட்டினார்கள் என்று படித்தபோது எனக்கு நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொன்ன கதைகள் நினைவுக்கு வந்தன. நல்ல நிரையைக் கொடுப்பதும், சதுப்பில் மோசமான நிரையைக் கொடுப்பதும் மேலே இருப்பவன் கையில். பால் நிறுக்கும் தராசும் அவன் கையில். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்களே, அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது சம்பளத்தையும், துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற அவமானத்தையும் சொல்கிறோம். அந்தக் கோரிக்கைப் பட்டியலில், தொழிலாளப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் ஒன்று. இதை நாம் ஏனோ சொல்லாமல் விட்டுவிடுகிறோம். நம் முன்னோர்கள் இதை வீட்டு ரகசியமாக மூடி வைக்கவில்லை. கூலி உயர்வோடு சேர்த்து முதலாளிமார் முன்னே வைத்தார்கள்.

சரி, இதைத் தடுப்பது எப்படி? உயிர்காப்புச் சட்டையையே எடுத்துக்கொள்வோம். படகு வேலையில் ஒருவரை ஒருவர் தொடாமல் இருக்க முடியாது என்பது உண்மைதான். தண்ணீரில் விழுந்தவரைச் சட்டையின் தோள் வாரைப் பிடித்துத்தான் படகுக்குள் இழுப்பார்கள். ஆனால், கரையில் நிற்கும்போது வாரைப் பூட்ட யார் கையும் தேவையில்லை. எப்படிப் பூட்டுவது என்று வழிகாட்டி தன் சட்டையில் செய்து காட்டலாம். அவரவர் சட்டையை அவரவர் இறுக்கிக்கொள்ளலாம். இறுகியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமானால், சொல்லிவிட்டுத் தோள் வாரை மேலே இழுத்துப் பார்த்தால் போதும். இந்த முறையை முகாமில் எல்லாருக்கும் விதியாக்கிவிட்டால், 'வேலைக்காகத்தான் தொட்டேன்' என்று சொல்லும் சாக்கு அடிபட்டுப் போகும்.

மற்ற ஏற்பாடுகளும் இவ்வாறே. வெளியே பேசும் வானொலிக் கருவியோ தொலைபேசியோ ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. ஒரு குழுவில் ஒரே ஒரு பெண்ணை அனுப்பக்கூடாது. படுக்கும் கூடாரம், குளிக்கும் இடம் எங்கே என்பதைப் புறப்படும் முன்னரே முடிவு செய்ய வேண்டும். துறையில் வேன் புறப்படும் முன் பெயர் கூப்பிட வேண்டும். நம் பிரட்டில் பெயர் கூப்பிடுவதுபோல. வேலை நேரத்தில் மது கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, புகாரை வாங்கும் ஆள் அந்தப் படகுக் குழுவுக்கு வெளியே இருக்க வேண்டும். தலைமை வழிகாட்டியைப் பற்றிய புகாரைத் தலைமை வழிகாட்டியிடமே கொடு என்றால் யார் கொடுப்பார்கள்?

பாகுபாடு என்ற இன்னொன்றும் உண்டு. அதில் யாரும் கையை வைப்பதில்லை. அதனால் நம் கண்ணில் படுவதில்லை. பெண் என்றால் சமையல், சீட்டுக் கொடுக்கும் மேசை. ஆண் என்றால் துடுப்பு. துடுப்பைத் தொடாதவள் வழிகாட்டியாகும் பயிற்சியைப் பெறமாட்டாள். பயிற்சி இல்லாதவளுக்குச் சம்பளமும் ஏறாது. 'பாதுகாப்புக்காகத்தான் படகில் ஏற்றவில்லை' என்று அன்போடு சொல்வார்கள். தொல்லை கொடுப்பவனைப் படகில் ஏற்றி, பெண்ணைக் கரையில் நிறுத்துவது என்ன பாதுகாப்போ எனக்கு விளங்கவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் பாலியல் தொல்லை பற்றிய பகுதி 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் சேர்க்கப்பட்டது. புகார் கொடுத்தால் முதலாளி விசாரிக்க வேண்டும். விசாரிக்க மறுத்தால், காரணத்தை 30 நாள்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அது திருப்தியில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து, பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் எல்லாரும் காணும்படி ஒட்டி வைக்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. கடமை தவறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். வேலையில் பாகுபாடு காட்டினாலும் தொழிலாளர் இலாகாவில் முறையிட அதே திருத்தம் வழி செய்திருக்கிறது.

தொல்லை கொடுப்பவர் சுற்றுப்பயணியாக வந்தவர் என்றால்? இந்த வேலைகளில் அதுவும் நடக்கும். வேலைச் சட்டத்தின் அந்தப் பகுதி முதலாளி, தொழிலாளி ஆகியோர் மீதான புகாருக்கு உரியது. வாடிக்கையாளர் மீது புகார் சொல்ல, 2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி அமைந்த நடுவர் மன்றம் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கப்பட்டது. யார் மீதும் அங்கே புகார் கொடுக்கலாம். விசாரணையில் மற்றவர் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியாது. விசாரிக்கும் மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கும்படி உத்தரவிடவும், 250,000 வெள்ளி வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் அந்த மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு நேர்ந்தாலும் இதே சட்டம்தான். தொட்டு அத்துமீறியிருந்தால் போலீசிலும் புகார் செய்யலாம்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! பிள்ளை வேலைக்குச் சேரும் நாளில் கூடவே போய்ப் பாருங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம் அல்லவா? அத்துடன், அந்த அறிவிப்புத் தாள் எங்கே ஒட்டியிருக்கிறது, புகாரை யாரிடம் கொடுப்பது, இரவு எங்கே தங்குவார்கள், வேன் வராவிட்டால் யார் பொறுப்பு என்றும் கேளுங்கள். முகம் சுளிக்கும் முதலாளியிடம் வேலை வேண்டாம். பிள்ளையிடம் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் கொடுத்து அனுப்புங்கள். நடந்த தேதி, நேரம், இடம், என்ன சொன்னான், பக்கத்தில் யார் இருந்தார் என்று அன்றன்றே எழுதி வைக்கட்டும். கைத்தொலைபேசிக்கு வந்த செய்திகளை வெட்கப்பட்டு அழித்துவிட வேண்டாம், அவை சாட்சி. வீட்டுக்கு வந்து சொன்னால், நான் கேட்ட அந்தக் கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள்.

அன்று அந்தத் தாய் கேட்ட கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் நல்லொழுக்கம் உடையவள், பண்புள்ளவள் என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். எழுதவேண்டிய இன்னொரு கடிதம், முகாம் முதலாளிக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் போகவேண்டிய புகார்க் கடிதம், எழுதப்படவே இல்லை. வேலைச் சட்டத்தில் அதற்கு இடம் வந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

அந்தப் பெண் இப்போது பட்டணத்தில் ஒரு பேரங்காடியில் காசாளராக இருக்கிறாள். போன தீபாவளிக்கு வந்திருந்தாள். ஆற்றில் படகைத் திருப்பும் முறையை என் மகனுக்குச் சுவரோரத்தில் விளக்குமாற்றை வைத்துச் செய்து காட்டினாள். நன்றாகத்தான் செய்தாள்.