பொட்டு வைத்த விளக்கு



சமயமும் மொழியும் பற்றிப் பேசிப் பழகிய இம்மேடையில், இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பழைய பெற்றோமக்ஸ் விளக்கு. கேட்டவுடன் சிலர் புன்னகை செய்யலாம். எனினும், அவ்விளக்கு நமக்குக் கற்பித்த பாடம் சிறியதன்று.

2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நம் மலைநாட்டை அலைக்கழித்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் மலை சரிந்தது, பாதைகள் அறுந்தன, மின்சாரம் நின்றது. வீடு வாசலை விட்டு மண்டபத்தில் வந்து தங்கியோருக்கு ஒளி வேண்டியிருந்தது. மின்னூட்டி எரிக்கும் விளக்குகள் மறுநாளே மங்கிவிட்டன. அப்பொழுதுதான் களஞ்சிய அறையிலிருந்த பெற்றோமக்ஸ் நம் நினைவுக்கு வந்தது. விளக்கு இருந்தது, மண்ணெண்ணெய் இருந்தது, புதிய மென்டிலும் இருந்தது. ஆனால் பம்பு காற்றைப் பிடிக்கவில்லை, ஊசி அசையவில்லை. குழந்தைகளும் முதியோரும் அவ்விரவை இரண்டு மெழுகுதிரிகளோடு கழித்தனர்.

அவ்விளக்கின் மேனியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று நாமே இட்ட பொட்டு அது. பொட்டு வைத்தோம்; ஒரு நாளாவது திறந்து பார்த்தோமில்லை.

பெரியோர்களுக்கு இவ்விளக்கை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கூத்தும் விடிய விடிய நடந்தது இதன் ஒளியிலேதான். ஒஸ்திரிய அறிஞர் கார்ல் அவர் வொன் வெல்ஸ்பாக் 1885 ஆம் ஆண்டில் மென்டிலைக் கண்டுபிடித்தார். 1891 இல் தோரியம் ஒட்சைட்டு நூற்றுக்கு 99 பங்கும் சீரியம் ஒட்சைட்டு ஒரு பங்கும் சேர்த்து அதனைச் செம்மைப்படுத்தினார். துணி நூல் எரிந்து போக, எஞ்சிய சாம்பற் கூடே வெண்மையாக ஒளிர்கின்றது. மண்ணெண்ணெயை ஆவியாக்கி அக்கூட்டைச் சூடேற்றும் பெற்றோமக்ஸ் பின்னர் பெர்லின் நகரில் உருவாயிற்று.

இனி, இதனைத் திறக்கும் முறையைப் பார்ப்போம். முதலாவதாக, விளக்கு நன்கு ஆறியிருத்தல் வேண்டும். பின்பு காற்றுத் திருகைத் தளர்த்தி, தொட்டியிலுள்ள காற்று முழுவதையும் வெளியேற்றி, எண்ணெயையும் வடித்துவிட வேண்டும். அழுத்தம் உள்ளே இருக்கையில் எந்த உறுப்பையும் கழற்றலாகாது. அருகில் நெருப்பும் இருத்தலாகாது. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, கழற்றுகின்ற உறுப்புகளை இடமிருந்து வலமாக ஒழுங்காக அடுக்குவோம். பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்துக்கொண்டு வந்தாற் போதும், எதுவும் மிஞ்சாது.

பம்பின் உள்ளே தோல் வாசர் ஒன்று உண்டு. அது கிண்ணம் போல விரிந்து குழாயின் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். உலர்ந்தால் சுருங்கிவிடும், காற்று பக்கத்தால் நழுவும். சில துளி எண்ணெயில் ஊறவிட்டு விரலால் ஓரத்தை விரித்தால் பெரும்பாலும் உயிர் பெறும். நமது விளக்கின் பம்பும் அடுத்த வாரம் இவ்வாறே உயிர் பெற்றது. ஐந்து நிமிட வேலை!

பம்பின் அடியில் ஒருவழி வால்வு இருக்கின்றது. உள்ளே சென்ற காற்றைத் திரும்பவிடாமல் காப்பது அதுவே. அதிலுள்ள சிறு இறப்பர் துண்டு கெட்டால் மண்ணெண்ணெய் பம்புக்குள் ஏறும். கைப்பிடி தானாகவே வெளியே தள்ளப்படும். அது கண்டால் உடனே மாற்றுதல் வேண்டும்.

அடுத்தது ஆவிக் குழாயும் நிப்பிளும். நிப்பிளின் நுண்துளையில் கரி அடைத்தால் ஒளி மங்கும். கைச்சில்லைத் திருப்பும்போது ஊசி மேலெழுந்து அத்துளையைத் துடைக்கின்றது. ஊசி வளைந்திருந்தால் புதிதாகப் போடுவோம். வேறு கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி விளக்கு புகையும். மண்ணெண்ணெயைத் துணியில் வடித்து ஊற்றினால் இத்தொல்லை பாதி குறையும். பூட்டிய பின், தீ மூட்டுமுன் காற்றடித்து, பொருத்துகளில் சவர்க்கார நீர் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் கசிவு உண்டு.

இளைஞர்களே, வாயு அழுத்தத்தால் சாயக் குண்டு எறியும் விளையாட்டுத் துப்பாக்கியை உங்களிற் சிலர் அறிவீர்கள். அதனுள்ளும் வால்வு, சுருள்வில், இறப்பர் வளையம் ஆகியனவே உள்ளன. வாயுக் குப்பியை அகற்றி, எஞ்சிய வாயுவையும் வெளியேற்றி, உள்ளே குண்டில்லை என உறுதி செய்த பின்னரே அதனைத் திறக்கலாம். விளையாட்டுக் கருவிக்கும் விளக்குக்கும் விதி ஒன்றே: முதலில் அழுத்தத்தை இறக்கு, பின்பு கை வை.

மூன்று எச்சரிக்கைகளையும் மனத்திற் கொள்வோம். மண்ணெண்ணெய் விளக்கில் பெற்றோலைக் கலத்தல் உயிருக்கு ஆபத்து. யன்னல்களை அடைத்துவிட்டு இதனை எரித்தலும் ஆபத்து. மணமில்லாத நச்சு வாயு சேரும். பழைய மென்டில்களிலுள்ள தோரியம் சிறிதளவு கதிர்வீசும் பொருள். ஆதலால் உடைந்த சாம்பலை ஊதாமல், ஈரத்துணியால் துடைத்துக் கைகழுவ வேண்டும்.

இன்று பெரியோர்களிடமும் இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். ஆயுத பூசைக்கு முதல் நாள் மாலை, சங்கத்தின் விளக்கைத் திறந்து, துடைத்து, பூட்டி, ஒரு மணி நேரம் எரித்துப் பார்ப்போம். கைப்பழக்கமுள்ள பெரியவர் ஒருவர் அருகிலிருந்து சொல்ல, இளைஞர் இருவர் செய்யட்டும். மறு ஆண்டு அவ்விருவரும் வேறிருவருக்குக் கற்பிக்கட்டும். வாசரும் ஊசியும் மென்டிலும் ஒரு தகரப் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

அதன் பின்பு சந்தனம் இடுவோம். அடுத்த மழை இரவில் நம்மை நாடி வரும் குழந்தைக்கு அந்தப் பொட்டு வெளிச்சம் தரும்.