ஒரு குதிரைப்படைத் திரைச்சித்திரம்



முப்பத்தைந்து ஆண்டுகள் மணியடித்தால் எழுந்தும் மணியடித்தால் அமர்ந்தும் பழகிய பள்ளியாசிரியன் நான். அத்தகையவன் அமெரிக்கக் குதிரைப்படைக் கதை ஒன்றைப் பற்றி வானொலியில் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காலந்தவறாமையைப் பற்றி ஏதேனும் சொல்வேன் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். அதுவும் இப்பேச்சில் வரத்தான் போகிறது, ஒரு வெள்ளிக் கடிகாரத்தின் வடிவில்.

படத்தின் பெயர் 'ஷீ வோர் எ யெல்லோ ரிப்பன்'. 'அவள் மஞ்சள் நாடா அணிந்திருந்தாள்' என்று பொருள். அமெரிக்கக் குதிரைப்படைக்கு உரிய நிறம் மஞ்சள். ஒரு பெண் தன் கூந்தலில் மஞ்சள் நாடா முடிந்தால், அவள் மனங்கவர்ந்தவன் குதிரைப்படையில் இருக்கிறான் என்பது குறிப்பு. 1949-இல் வெளிவந்த இப்படத்தை இயக்கியவர் ஜான் ஃபோர்டு. இதற்கு முந்திய ஆண்டில் 'ஃபோர்ட் அபாச்சி', பிந்திய ஆண்டில் 'ரியோ கிராண்டே' என்று குதிரைப்படையைப் பற்றியே அவர் மூன்று படங்கள் எடுத்தார். மூன்றில் எது சிறந்தது என்று எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற நண்பர்கள் நாங்கள் சிலர் ஓயாமல் வாதிடுவதுண்டு. என் வாக்கு நடுவிலுள்ளதற்கே.

கதை நிகழும் ஆண்டு 1876. லிட்டில் பிக் ஹார்ன் என்னுமிடத்தில் கஸ்டர் என்ற தளபதியும் அவருடன் நின்ற வீரர்களும் பழங்குடி மக்களால் வீழ்த்தப்பட்ட செய்தி கோட்டைதோறும் பரவுகிறது. அவ்வேளையில் ஒரு கோட்டையில் நாதன் பிரிட்டில்ஸ் என்னும் முதிய காப்டன், பணியிலிருந்து விடுபட இன்னும் எத்தனை நாள் என்று நாட்காட்டியில் கோடிட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கிடைத்த கடைசி வேலை இரண்டு பெண்களைப் பாதுகாப்பாகக் கொண்டுபோய்ப் பயணவண்டி நிலையத்தில் சேர்ப்பது. அவர் சென்று சேரும்போது நிலையம் எரிந்து கிடக்கிறது. கடைசிப் பணியில் அம்மனிதர் தோற்றுப்போகிறார். வெற்றியோடு விடைபெறும் வீரனைக் காட்டுவது எளிது. ஃபோர்டு அந்த எளிய வழியில் செல்லவில்லை.

பிரிட்டில்ஸாக நடித்தவர் ஜான் வெய்ன். படம் எடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 41. நரைத்த தலையும் மீசையும் ஒப்பனைக்காரரின் வேலை. ஆனால் குதிரையிலிருந்து இறங்கும்போது இடுப்பில் தென்படும் அந்தச் சிறு தயக்கம் நடிகரின் சொந்தச் சரக்கு. மாலையில் அவர் மனைவியின் கல்லறைக்குச் செல்கிறார். செடிகளுக்கு நீர் வார்க்கிறார். அருகே அமர்ந்து, அன்று கோட்டையில் நடந்ததையெல்லாம் மனைவி எதிரில் இருப்பதுபோல் சொல்கிறார். அழுகை இல்லை, புலம்பல் இல்லை. வீட்டுக்கு வந்த கணவன் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போன்ற பேச்சு அது.

கடிகாரக் காட்சிக்கு வருகிறேன். விடைபெறும் காலையில் அவருடைய வீரர்கள் குதிரைகளோடு அணிவகுத்து நின்று ஒரு வெள்ளிக் கடிகாரத்தைப் பரிசாகத் தருகிறார்கள். அதில் ஏதோ பொறித்திருக்கிறது. படிக்க வேண்டுமானால் மூக்குக் கண்ணாடி வேண்டும். தம் வீரர்கள் முன்னால் கண்ணாடி அணிய அவருக்கு வெட்கம். சற்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை எடுத்து மாட்டிப் படிக்கிறார். நானும் ஒரு நாள் மாலையும் பொன்னாடையும் பெற்றுப் பள்ளி வாயிலைக் கடந்தவன்தான். அந்த அரை நிமிடக் காட்சியை இதுவரை உலர்ந்த கண்ணோடு நான் பார்த்ததில்லை.

இந்த நடிப்புக்காக வெய்னுக்கு ஆஸ்கார் பரிந்துரை வரவில்லை. அவ்வாண்டு 'சாண்ட்ஸ் ஆஃப் இவோ ஜீமா' என்ற வேறொரு போர்ப்படத்துக்காகப் பரிந்துரைத்தார்கள். அதிலும் பரிசு கிட்டவில்லை. 1969-இல் வெளிவந்த 'ட்ரூ கிரிட்' படத்துக்கே அவர் அதைப் பெற்றார். தேர்வாளர்கள் மதிப்பெண் இடுவதில் தவறுவதுண்டு என்பதை ஓர் ஆசிரியன் சொல்லித்தானா நீங்கள் அறிய வேண்டும்?

மற்ற நடிகர்களில் விக்டர் மெக்லாக்லனை முதலில் சொல்ல வேண்டும். மதுவை ஒளித்து ஒளித்துக் குடிக்கும் பருத்த சார்ஜெண்டு அவர். 1935-இல் ஃபோர்டின் 'தி இன்ஃபார்மர்' படத்தில் நடித்துச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிசு பெற்றவர், இங்கே நம்மைச் சிரிக்க வைக்கும் பொறுப்பை மனமுவந்து ஏற்கிறார். ஜோன் ட்ரூ நாடா அணிந்த நங்கை. அவளுக்காகப் போட்டியிடும் இளம் அதிகாரிகளாக ஜான் ஏகரும் ஹாரி கேரி இளையவரும் வருகிறார்கள். காதல் பகுதி எனக்கு அவ்வளவாகச் சுவைக்கவில்லை. அது என் வயதின் குறையாகவும் இருக்கலாம்.

என் மனத்தைக் கவர்ந்தவர் சார்ஜெண்டு டைரியாக வரும் பென் ஜான்சன். ஓக்லஹோமாவில் பிறந்த இவர், ஒரு படத்துக்கு வேண்டிய குதிரைகளை ஓட்டிக்கொண்டு ஹாலிவுட்டுக்கு வந்தவர். குதிரை மேய்க்க வந்த கை திரைக்கும் உதவியது. 1953-இல் சினிமாவை ஒதுக்கிவிட்டுக் கயிறு வீசி மாடு பிடிக்கும் போட்டியில் உலகப் பட்டம் வென்றார். பிறகு 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' என்ற 1971-ஆம் ஆண்டுப் படத்தில் துணை நடிகருக்கான ஆஸ்காரும் பெற்றார். நம் படத்தில் பகைவர் துரத்த அவர் குதிரையைச் செலுத்தும் அழகைக் காணுங்கள். குதிரையும் மனிதனும் ஓருடலாகப் பள்ளத்தைத் தாண்டுகிறார்கள். யாராவது அபிப்பிராயம் கேட்டால் மட்டும், அது தம் இலாகா அன்று என்று நழுவிவிடுவார். நான் பணியாற்றிய காலத்தில் இத்தகைய சார்ஜெண்டுகள் பலரைக் கண்டிருக்கிறேன்.

வண்ணப் படப்பிடிப்புக்காக விண்டன் ஹாக் ஆஸ்கார் பரிசு பெற்றார். ஃபிரெடெரிக் ரெமிங்டன் என்ற ஓவியரின் குதிரைவீரர் ஓவியங்களே அவருக்கும் ஃபோர்டுக்கும் முன்மாதிரி. மின்னல் வெட்டும் பாலைவெளியில் வீரர்கள் குதிரைகளை நடத்திச் செல்லும் காட்சியில், ஃபோர்டு வற்புறுத்தியதால் ஹாக் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்துவிட்டுப் படமெடுத்தார் என்று இரசிகர்கள் சுவையாகச் சொல்வார்கள். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். படப்பிடிப்பில் உடனிருந்த ஹாரி கேரி இளையவர் அக்கதையை மறுத்திருக்கிறார் என்று பின்னர் அறிந்தேன். அன்றுமுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். மின்னல் மட்டும் உண்மையானது.

சென்ற ஆண்டு கல்லூரி மாணவர் சிலருக்கு இப்படத்தை என் வீட்டிலேயே போட்டுக் காட்டினேன். இறுதியில் பிரிட்டில்ஸ் போரைத் தவிர்க்க ஒரு சூழ்ச்சி செய்கிறார். பணி முடிய இன்னும் சில நிமிடங்கள் இருப்பதைக் கடிகாரத்தில் பார்த்துவிட்டு, நள்ளிரவில் பழங்குடியினரின் குதிரைகளையெல்லாம் வெருட்டி ஓட்டிவிடுகிறார். குதிரையில்லாத வீரர்கள் போரிட முடியாது. தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு அவர்கள் நடந்தே திரும்புகிறார்கள். உயிர்ச்சேதமின்றி முடிந்த இந்த உபாயத்தை நான் வியந்து விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு மாணவி, "ஐயா, அவர்கள் எவ்வளவு தூரம் நடந்தார்கள்?" என்று கேட்டாள்.

என்னிடம் விடையில்லை. எத்தனையோ முறை பார்த்த படம். நடிகர் பெயரெல்லாம் மனப்பாடம். அந்தக் கேள்வி ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

அதன்பின் நூல்களைத் தேடிப் படித்தேன். இப்படம் எடுக்கப்பட்ட இடம் அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையிலுள்ள மானுமெண்ட் பள்ளத்தாக்கு. கோபுரங்களைப் போல் செம்பாறைகள் தனித்து நிற்கும் வெளி. அது நவஹோ மக்களின் நிலம். படத்தில் ஷையன், அரபஹோ வீரர்களாகக் குதிரையேறி வருபவர்களில் பலர் அந்த நவஹோ மக்களே. 1864-இல் அமெரிக்கப் படை அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து பெயர்த்து, நியூ மெக்சிகோவிலுள்ள பாஸ்க் ரெடாண்டோவுக்கு நூற்றுக்கணக்கான மைல் நடத்திச் சென்றது. நடந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். வழியிலும் முகாமிலும் இறந்தவர் பலர். 1868-இல் ஓர் உடன்படிக்கைக்குப் பிறகே அவர்கள் ஊர் திரும்பினர். அவர்களுடைய சந்ததியார்தாம் படத்தில், படை பின்தொடர, மீண்டும் ஒருமுறை நடந்தார்கள்.

படத்தை நான் வெறுத்துவிட்டேனோ என்று கேட்பீர்கள். இல்லை. மறுபடியும் பார்த்தேன். முன்பு கவனியாத இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன. போரைத் தடுக்க வேண்டிப் பிரிட்டில்ஸ் தம் பழைய நண்பரான முதிய பழங்குடித் தலைவரைச் சந்திக்கிறார். செனெகா குடியைச் சேர்ந்த ஜான் பிக் ட்ரீ அத்தலைவராக நடித்தார். இளைஞர் தம் சொல்லைக் கேட்பதில்லை, நாம் இருவரும் எங்காவது வேட்டையாடப் போய்விடலாம் என்கிறார் அக்கிழவர். இரண்டு பக்கத்திலும் முதியவர் பேச்சு எடுபடவில்லை. இரண்டாவது, அந்த மக்கள் நடக்கத் தொடங்கும்போது, ஒரு மைல் பின்னால் தள்ளியே தொடருங்கள் என்று பிரிட்டில்ஸ் தம் வீரர்களுக்குக் கட்டளையிடுகிறார். நடப்பதே அவர்களுக்கு மானக்கேடு, பிறர் பார்ப்பது அதனினும் மானக்கேடு என்பது அவர் கருத்து. எழுதியவருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. இதை அந்த மாணவியிடம் சொன்னேன். "ஒரு மைல் தள்ளியிருந்தாலும் கையில் துப்பாக்கி இருக்கிறதே, ஐயா" என்றாள்.

ஃபோர்டுக்கும் உறுத்தல் இருந்ததாகவே தோன்றுகிறது. 1964-இல் அவர் 'ஷையன் ஆட்டம்' என்றொரு படம் எடுத்தார். ஒதுக்கிடத்தில் பசியாலும் நோயாலும் வாடிய வட ஷையன் மக்கள் சுமார் 300 பேர், 1878-இல் தங்கள் பழைய தாயகத்தை நோக்கி வடக்கே புறப்பட்ட வரலாறு அது. அதிலும் முக்கியமான பழங்குடிப் பாத்திரங்களை வேற்று நடிகர்களே ஏற்றார்கள், கூட்டத்தில் நின்றவர்கள் நவஹோக்கள். படம் நீளமானது, தொய்வும் உண்டு. பென் ஜான்சனும் ஹாரி கேரி இளையவரும் குதிரைவீரர்களாக அதிலும் தலைகாட்டுகிறார்கள்.

வருகிற மாதம் அதைப் போட்டுக் காட்டப் போகிறேன். அந்த மாணவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இம்முறை, அவர்கள் நடந்த தூரத்தை வரைபடத்தில் அளந்து வைத்திருக்கிறேன்.